ரோசாப்பூத் துரை: பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் ஜீவிய சரித்திரம்

பொருளுடையானுக்காக வழக்குரைக்க முன்வருவோர் இவ்வுலகில் பலர். பொருளில்லானுக்காக நியாயஸ்தலத்தில் எழுந்து நிற்போர் மிகச் சிலர். அப்பொருளில்லான் எழுத்தறியாதவனுமாயிருந்து, அவன் பிறந்த குலமே குற்றமுள்ள குலமென்று சர்க்காரார் விளம்பரமும் செய்துவிட்டால், அவன்பொருட்டு வாய்திறக்க ஒருவரும் வாரார் என்றே சொல்லிவிடலாம். நம் முன்னோராகிய பிறமலைக் கள்ளர் அத்தகைய நிலையில் நின்ற காலத்தில், நம் குலத்திற் பிறவாதவரும், நம் மதத்தைச் சாராதவரும், தமிழ்நாட்டைத் தாயகமாகக் கொள்ளாதவருமாகிய ஒருவர் அவர்களுக்காகக் கோர்ட்டில் எழுந்து நின்றார். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் என்பது அவர் திருநாமம். நாட்டுப்புறத்து மக்களின் நாவில் ஜோசப் என்னும் பெயர் ரோசாப்பூ என்று திரிந்து, அவர் ரோசாப்பூத் துரையானார். அப்பெயரைக் கேளாதார் நம்முள் இரார். ஆயினும், அவர் செய்த காரியம் யாது, அதன் அருமை யாது என்பதை முறையாக அறிந்தோர், இளைஞர்களுக்குள்ளே, சிலரே. ஆதலால் அன்னாரது சரித்திரத்தை இவ்விதழில் சுருக்கமாக வரையலானோம்.

பிறப்பும் கல்வியும்

ஜோசப் 1887-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த செங்கன்னூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் மூத்த குமாரராக ஜனித்தார். பிற்காலத்தில் ஆங்கிலப் பத்திரிகாசிரியர்களுள் பெரும்புகழ் படைத்த போத்தன் ஜோசப் இவருடைய இளைய சகோதரர். நம் கதாநாயகர் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்ற பின்னர், கடல் கடந்து சென்று, ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ சர்வகலாசாலையில் தத்துவ சாஸ்திரத்தில் எம். ஏ. பட்டம் பெற்றார். அப்பால் லண்டன் மாநகரில் மிடில் டெம்பிள் என்னும் சட்ட ஸ்தாபனத்தில் சேர்ந்து, 1908-ம் வருஷத்தில் சட்டக் கல்வியை முடித்து, 1909-ம் வருஷத் தொடக்கத்தில் தாய்நாடு திரும்பினார்.

அந்நாளில் சீமையிற் படித்துப் பாரிஸ்டராகி வந்தவருக்குச் சென்னையில் ஐகோர்ட்டு வாசலே செல்வத்தின் வாசலாயிருந்தது. ஜமீன்தார்களும், வியாபாரிகளும், மிராசுதார்களும் தங்கள் வழக்குகளை அத்தகையோரிடம் ஒப்புவித்துப் பெருந்தொகை அளிப்பது வழக்கம். ஜோசப் சென்னையிற் சிறிதுகாலம் தொழில் தொடங்கிப் பார்த்தபின், மதுரைக்கு வந்து குடியேறினார். அம்மாநகரமே பின்னர் அவருக்குச் சொந்த ஊராயிற்று. சமஸ்தானத்திற் பிறந்தவர், சீமையிற் கற்றவர், வைகைக் கரையிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, அங்கேயே உயிர் நீத்தார்.

தேச சேவையிற் புகுந்தமை

ஜோசப் வெறும் வக்கீலாக இருந்து திருப்தியடைந்தவரல்லர். அன்னி பெஸண்டு அம்மையாரின் ஹோம்ரூல் கிளர்ச்சியில் அவர் முன்னின்றார். இந்தியர் சுயாட்சிக்குத் தகுதியுடையார் என்பதை ஆங்கில ஜனங்களிடையே எடுத்துரைக்கும்பொருட்டு அம்மையார் சிலரைச் சீமைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தபோது, ஸையத் ஹூஸேன், பி. வி. நரசிம்மையர் முதலியோருடன் ஜோசப்பும் கப்பலேறினார். ஆயினும் துரைத்தனத்தார் அவர்களை ஜிப்ரால்டரில் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டனர்.

1918-ம் வருஷத்தில் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு மதுரையிற் செய்த பிரசங்கத்திற்காக ராஜத்துவேஷக் குற்றஞ் சாட்டப்பட்டபோது, சி. ராஜகோபாலாச்சாரியார் அவருக்காக வாதாட, ஜோசப் துணைநின்றார். அவ்வருஷத்திலேயே ஹார்வி மில் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்க்கும் முயற்சியிலும் நாயுடுவுடன் இவர் உழைத்தார். மதுரையில் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட முதல்வர் என்று இவரைச் சொல்லுவது பொருந்தும். 1919-ம் வருஷத்து ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது மதுரைக்கு இவரே தலைவர். இவ்வாறு நாட்டின் பெரிய காரியங்களில் ஈடுபட்டிருந்த அக்காலத்தில்தான், நம் முன்னோரின் துயரமும் இவர் கண்ணிற்பட்டது.

ரேகைச் சட்டம்

அத்துயரத்தின் அளவை உணராதார்க்கு ஜோசப்பின் தொண்டு விளங்காது. ஆதலின் அச்சட்டத்தைப்பற்றிச் சிறிது கூறுதல் அவசியமாகின்றது.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதன்முதலில் 1871-ம் வருஷத்தில் வடஇந்தியாவிற்கென்று இயற்றப்பட்டது. 1911-ம் வருஷத்தில் அது புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் பரவிற்று. 1924-ம் வருஷத்தில் மறுபடியும் தொகுத்து இயற்றப்பட்டது. யாதொரு குலத்தாரையோ கூட்டத்தாரையோ, குற்றம் புரிவதையே தொழிலாகக் கொண்டவரென்று மாகாண சர்க்காரார் நம்பினால், அக்குலம் முழுவதையும் குற்றப் பரம்பரையென விளம்பரம் செய்யலாம். விளம்பரம் செய்தபின், ஜில்லா மாஜிஸ்திரேட்டு அக்குலத்தாரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றுவிப்பார். பதிவானவர்கள் தங்கள் கைரேகையைக் கொடுக்கவேண்டும். குறித்த காலந்தோறும் ஆஜராக வேண்டும். இருப்பிடம் மாறினால் அறிவிக்கவேண்டும். இதனாலேயே நாட்டுப்புறத்தார் இதனை ரேகைச் சட்டம் என்றழைத்தனர். பிறமலைக் கள்ளர் யாவரும் 1918-ம் வருஷத்தில் இச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். வயது வந்த ஆடவர் இராக்காலங்களில் போலீஸ் கொட்டடியிலோ சாவடியிலோ சென்று படுக்கவேண்டியதாயிற்று. வேற்றூருக்குப் போவதாயின் ராதாரிச் சீட்டு வாங்கிச் செல்லவேண்டியதாயிற்று. புதிதாக மணம் முடித்த மாப்பிள்ளையும் மனையாளை வீட்டில் விட்டுச் சாவடிக்குப் போன கதைகளை நம் வீடுகளில் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இக்கட்டுப்பாடுகளினும் கொடியது ஒன்றுண்டு. பொதுச் சட்டப்படி ஒருவன் குற்றஞ் செய்தானென்று ருஜுவாகும்வரை அவன் குற்றமற்றவனே. இச்சட்டமோ தாய் வயிற்றிலிருக்கும் சிசுவையும் குற்றம் புரிவோர் வரிசையிற் சேர்த்துவிட்டது. அவ்விளம்பரம் முறைப்படி செய்யப்பட்டதா இல்லையா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கலாகாதெனவும் சட்டம் தடைபோட்டிருந்தது. பதிவேட்டில் தன் பெயர் ஏறியது தவறென்று ஒருவன் முறையிட விரும்பினால், அம்முறையீட்டையும் எவர் உத்தரவினால் பதிவேடு எழுதப்பட்டதோ அந்த ஜில்லா மாஜிஸ்திரேட்டிடமே செய்துகொள்ள வேண்டும். சாட்சியுமில்லை, குறுக்கு விசாரணையுமில்லை, வக்கீலுமில்லை. ஒரு காகிதத்தின் பலத்தால் ஒரு குலம் தண்டிக்கப்பட்டது.

பெருங்காமநல்லூர்

மதுரை ஜில்லாவில் உசிலம்பட்டிச் சீமையில் பெருங்காமநல்லூர் என்பது ஒரு சிற்றூர். 1920-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி, அவ்வூராரைப் பதிவு செய்து கைரேகை வாங்கப் போலீஸார் படையாகச் சென்றனர். தாங்கள் உழுதுண்டு வாழ்பவர்களென்றும், குற்றமொன்றும் செய்யாத தங்களைப் பதிவு செய்தல் தகாதென்றும் ஊரார் மறுத்தனர். மறுப்பு கைகலப்பாயிற்று, துப்பாக்கிகள் வெடித்தன. மாயக்காள் என்னும் பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர்களிற் பலர் விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்கள்மீதே வழக்குகள் தொடரப்பட்டன.

வாசகர்கள் அந்நிலையைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். தகப்பனையும் தமையனையும் பறிகொடுத்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோர்ட்டு நடவடிக்கையின் பாஷை அவர்களுக்குப் புரியாது. சர்க்கார் தரப்பில் வாதாட சம்பளம் பெறும் வக்கீல் இருக்கிறார். எதிரிகளுக்கு வக்கீலை அமர்த்தப் பணமில்லை. பணம் இருந்தாலும், அவ்விளம்பரத்திற்குப்பின் அவர்கள் பக்கம் நிற்பது மதிப்புக்குறைவென்றும் ஆபத்தென்றும் எண்ணி ஒதுங்குவோரே அதிகம். அத்தருணத்தில் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வக்காலத்து ஏற்று வாதாடினார். வழக்கில் மாத்திரம் நின்றுவிடாமல், இச்சட்டத்தின் கொடுமையைப் பத்திரிகைகளிலும் எழுதி வெளியுலகம் அறியச் செய்தார். கள்ளர்களுக்காக மட்டுமல்லாமல் மறவர்களுக்காகவும், கட்டணத்தைக் கருதாது, இச்சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளை அவர் நடத்தினார்.

வக்கீல் இல்லாதவன் கதி

ஒரு வக்கீல் வந்து நின்றதனால் என்ன பெரிய பயன் விளைந்துவிடும் என்று சிலர் ஐயுறலாம். சட்டத்தின் வாசகத்தையே எடுத்துப் பார்த்தால் அவ்வையம் நீங்கும்.

குற்றப் பரம்பரையைச் சேர்ந்தவன், சட்டத்தின் அட்டவணையிற் கண்ட கொள்ளை முதலிய குற்றங்களில் ஒன்றிற்காக ஒருமுறை தண்டிக்கப்பட்டு, இரண்டாம் முறையும் அத்தகைய குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டால், அவனுக்கு 7 வருஷத்திற்குக் குறையாத சிறைவாசம் விதிக்கவேண்டும். மூன்றாம் முறையாயின் ஆயுள்பரியந்தம் தீவாந்தரத்திற்கு அனுப்பவேண்டும். அதே குற்றத்தை வேறு குலத்தான் செய்தால், குற்றத்தின் அளவைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டவும் குறைக்கவும் நீதிபதிக்கு விரிந்த அதிகாரம் உண்டு. நம்மவனுக்கு மட்டும் அவன் குலத்தைப் பார்த்துத் தண்டனை முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருந்தது. இதனால், வக்கீலின்றி நடந்த முதல் வழக்கே பின்வரும் பெருந்தண்டனைக்கு அஸ்திவாரமாயிற்று. முதல் வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஆளின்றி, போலீஸார் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு ஆறு மாதத்தோடு போயிற்றென்று ஆறுதலடைந்தவன், அந்த ஆறு மாதமே தன்னை ஏழு வருஷத்திற்கும், பின் அந்தமானுக்கும் இழுத்துச் செல்லும் கயிறு என்பதை அறியான்.

மேலும், பதிவானவன் ஒருவன் திருடவோ கொள்ளையிடவோ காத்திருந்தானென்று கோர்ட்டார் நம்பத்தக்க நிலைமையில் ஓரிடத்திற் காணப்பட்டாலே, அவனுக்கு 3 வருஷம்வரை சிறைவாசமும் 1,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். பொருள் களவு போகவேண்டுவதில்லை; எவரும் அடிபட வேண்டுவதில்லை. தப்பிப்போன மாட்டைத் தேடிச் சென்றவனும், முறைத்தண்ணீர் பாய்ச்ச இரவில் வயலுக்குப் போனவனும், அதற்குச் சாட்சி தேடிக் கோர்ட்டில் நிறுத்தத் தெரியாவிட்டால், அகப்பட்டுக்கொள்வான்.

இனி மிகவும் கவனிக்கத்தக்கது ஒன்று. அவ்வேழு வருஷத் தண்டனையையும் தீவாந்தர சிக்ஷையையும் விதிக்கும் அதே பிரிவில், விசேஷ காரணங்கள் இருந்தாலொழிய என்று பொருள்படும் சில சொற்களும் உண்டு. அதாவது, தண்டனையைக் குறைக்கத்தக்க காரணம் காட்டப்பட்டால் நீதிபதி குறைக்கலாம். சட்டமானது அந்த இருட்டறையில் ஒரு சிறு சாளரத்தைத் திறந்தே வைத்திருந்தது. ஆனால் அச்சாளரம் இருப்பதைக் கைநாட்டுப் போடும் குடியானவன் எவ்வாறு அறிவான்? அவன் வயதையும், வறுமையையும், முதற் குற்றத்திற்கும் இரண்டாவதற்குமிடையே அவன் உழைத்து வாழ்ந்த வருஷங்களையும் எடுத்துக் கூறி, இவையே அவ்விசேஷ காரணங்கள் என்று சொல்ல, சட்டமறிந்த ஒரு நா வேண்டும். நீதிபதி எவ்வளவு நல்லவராயிருப்பினும், தம் முன் கூறப்படாத காரணத்தை அவர் எழுதிக்கொள்வது எங்ஙனம்? ஆகவே, வக்கீல் உள்ளவனுக்கு ஒரு சட்டம், வக்கீல் இல்லாதவனுக்கு வேறொரு சட்டம் என்பதே அனுபவத்திற் கண்ட உண்மையாயிற்று.

அக்காலத்தில் அமலிலிருந்த 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடவடிக்கைச் சட்டமும், குற்றஞ் சாட்டப்பட்ட எவரும் வக்கீலைக்கொண்டு தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமையுடையார் என்று கூறிற்று. ஆனால் அவ்வுரிமை, வக்கீலுக்குப் பணம் கொடுக்கக் கூடியவனுக்கே பயன்பட்டது. மரண தண்டனை விதிக்கத்தக்க வழக்குகளில் மட்டும் ஏழை எதிரிக்குச் சர்க்கார் செலவில் வக்கீலை அமர்த்தும் வழக்கம் பல மாகாணங்களில் இருந்தது. ஏழு வருஷத்திற்கும் ஆயுட்கால தீவாந்தரத்திற்கும் ஆளாகி நின்றவனுக்கோ அதுவும் இல்லை. அந்த இடைவெளியில் வந்து நின்றவர் ஜோசப்.

தொழிலைத் துறத்தலும் சிறை புகுதலும்

பெருங்காமநல்லூர்ச் சம்பவம் நிகழ்ந்த அதே 1920-ம் வருஷத்தின் பிற்பகுதியில், காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். வக்கீல்கள் கோர்ட்டுகளை விட்டு நீங்கவேண்டுமென்பது அவ்வியக்கத்தின் திட்டங்களுள் ஒன்று. ஜோசப் நல்ல வருமானம் தந்துகொண்டிருந்த தம் தொழிலைக் கைவிட்டார். அலகாபாத்துக்குச் சென்று, பண்டித மோதிலால் நேருவின் இண்டிபெண்டெண்டு என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராக அமர்ந்தார். 1921-ம் வருஷக் கடைசியில் கைதாகிச் சிறை புகுந்தார். விடுதலையடைந்தபின், 1923-ம் வருஷத்தில், காந்தியடிகளின் யங் இந்தியா பத்திரிகைக்கும் ஆசிரியராயிருந்தார்.

அன்னாரது தியாகத்தைப் போற்றும் நாம், இதில் அடங்கியுள்ள ஒரு சங்கடத்தையும் மறைத்தலாகாது. கோர்ட்டைப் பகிஷ்கரித்தல் தேசத்துக்குப் பெருமையே. ஆயினும் கோர்ட்டு எதிரிகளைப் பகிஷ்கரிக்கவில்லை. வக்கீல்கள் வெளியேறிய பின்னரும் கூண்டில் நிற்கும் ஏழை நின்றுகொண்டுதான் இருந்தான். சட்டமும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பெரிய தர்மமொன்றும் சிறிய தர்மமொன்றும் ஒரே மனிதனை இருபுறமும் பற்றியிழுக்கும் காலங்கள் உண்டு. ஜோசப் முதலிற் பெரியதன் பக்கம் போனார். பின்னர், 1920-க்கு மேற்பட்ட அப்பத்து வருஷங்களுக்குள்ளாகவே, மதுரைக்குத் திரும்பி மறுபடியும் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். அவ்வாறு திரும்பியது நம்மவருக்கு நன்மையாய் முடிந்தது.

வைக்கம்

அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்த வைக்கம் சத்தியாக்கிரகத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். திருவிதாங்கூரில் வைக்கத்துக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஈழவர் முதலிய வகுப்பார் நடக்கலாகாதென்ற தடையை நீக்கும்பொருட்டு, 1924-ம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி அப்போராட்டம் தொடங்கிற்று. ஜோசப் அதில் முன்னின்று ஏப்ரல் மாதத்தில் சிறை புகுந்தார். தலைவர்கள் சிறைப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து ஈ. வெ. ராமசாமியாரை அங்கு வரவழைத்தவர்களுள் இவரும் ஒருவர். இது ஹிந்துக்கள் தாமே செய்து தீர்க்கவேண்டிய பிராயச்சித்தமாதலால், கிறிஸ்தவராகிய ஜோசப் விலகிநிற்க வேண்டுமென்பது காந்தியடிகளின் கருத்து. ஜோசப்போ, மனிதன் வீதியில் நடக்கும் உரிமையை ஒரு மதத்தாரின் வீட்டு விவகாரமாகக் கருதவில்லை என்பது அவர் நடந்துகொண்ட விதத்தால் விளங்கும். மதுரைச் சீமையிற் கள்ளருக்காக நின்றபோதும் அவர் அப்படியே நின்றார். எவன் துன்புறுகிறான் என்பதை நோக்கினாரேயன்றி, அவன் யாருடைய ஆள் என்பதை அவர் நோக்கவில்லை.

இறுதிக்காலம்

1937-ம் வருஷத்தில் ஜோசப் காங்கிரஸ் சார்பில் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் அப்பதவியில் நெடுநாள் இருந்து தொண்டாற்ற அவருக்கு ஆயுள் வாய்க்கவில்லை. 1938-ம் வருஷம் மார்ச்சு மாதம் 5-ந் தேதி, மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில், தமது 50-வது வயதில் தேகவியோகமானார். அவர் எதிர்த்துப் போராடிய சட்டம் அன்றும் அமலிலேயே இருந்தது. வெற்றியைக் கண்ணாற் காணாமலே அவர் கண்மூடினார்.

அவர் தொடங்கிய காரியத்தைப் பிறர் மேற்கொண்டனர். 1929-ம் வருஷத்தில் ஆப்பநாட்டு மறவர்மீதும் அச்சட்டம் ஏவப்பட்டதன் பின்னர், பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவர் அதனை ஒழிக்க ஊரூராகச் சென்று கிளர்ச்சி செய்தார். முடிவில் 1947-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ரத்தாயிற்று. 1952-ம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் நீங்கிற்று. இந்நாளில் பெருங்காமநல்லூரில் மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் நிற்கின்றது. மதுரை யானைக்கல் பக்கத்தில் ஜோசப்பின் சிலை நிற்கின்றது. அதற்கு மாலை சூட்டுவோருள் நம் மரபினர் முன்னிற்பது நமக்குப் பெருமையே.

பின்வந்த சட்டம்

ஜோசப் தனி மனிதராகச் செய்துவந்த காரியத்தை, அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப்பின் நாட்டின் சட்டமே தன் கடமையாக ஏற்றது. 1950-ம் வருஷத்து அரசியல் சாசனம், கைதானவன் தான் விரும்பும் வக்கீலைக் கலந்து அவர்மூலம் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை 22-வது பிரிவில் அளித்தது. ஆயினும் பணமில்லாதவன் பழைய நிலையிலேயே இருந்தான். 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், செஷன்ஸ் கோர்ட்டு வழக்கில் வக்கீல் வைக்க வசதியற்ற எதிரிக்கு அரசின் செலவில் வக்கீலை அமர்த்தவேண்டுமென்று விதித்தது. 2024-ம் வருஷம் ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டமும் அவ்விதியை வைத்துக்கொண்டிருக்கிறது. 1976-ம் வருஷத்தில், இலவச சட்ட உதவியளித்தல் அரசின் கடமையென 39-அ என்னும் பிரிவு சாசனத்திற் சேர்க்கப்பட்டது. 1979-ம் வருஷத்தில், பீஹாரில் விசாரணையின்றிச் சிறையில் வாடிய ஏழைகளின் வழக்கில், வக்கீல் உதவி பெறுதல் உயிர்வாழும் உரிமையின் ஒரு கூறு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. பணமில்லையென்று அரசு சாக்குச் சொல்லலாகாதென்றும், எதிரி கேட்கவில்லையென்று கோர்ட்டு வாளாவிருத்தலாகாதென்றும் பின்வந்த தீர்ப்புகள் கூறின. 1987-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு 1995-ல் அமலுக்கு வந்த சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, ஜில்லாதோறும் தாலுகாதோறும் இதற்கென ஆணையங்களும் குழுக்களும் ஏற்பட்டிருக்கின்றன. பெண்களும், காவலில் இருப்போரும், தங்கள் வருமானம் யாதாயினும் அவ்வுதவியைக் கேட்கலாம். நம் கிராமங்களில் இதையறியாதார் இன்னும் பலர். படித்தோர் அவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லல் வேண்டும்.

நம் கடமை

ஆனால் சட்டப் புத்தகத்தில் உரிமை ஏறிவிட்டதனால் மாத்திரம் காரியம் முடிந்துவிடாது. விசேஷ காரணங்கள் என்ற சொற்கள் அன்றும் புத்தகத்தில் இருந்தனவே! அவற்றை வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாதவனுக்கு அவை பயன்பட்டனவா? அதுபோலவே, அரசு அமர்த்தும் வக்கீல் கட்டினை அவிழ்த்துப் பாராமலும், சிறைக்குச் சென்று எதிரியைக் காணாமலும், விசாரணையன்று மட்டும் எழுந்து நின்று உட்கார்ந்துவிட்டால், அவ்வெதிரி வக்கீல் இருந்தும் வக்கீல் இல்லாதவனே. கற்றவர் ஒருவர் கட்டணத்தைக் கருதாது, மனம் வைத்து, அவ்வழக்கைத் தம் வழக்காக நடத்தினாலன்றி அவ்வுரிமைக்கு உயிர் வாராது.

இப்பொழுது நம் குலத்தில் வக்கீல்கள் அநேகர் இருக்கிறார்கள், நீதிபதிகளும் இருக்கிறார்கள். கைரேகை வைத்தவர்களின் பேரர் சட்டப் புத்தகத்தைக் கையிலெடுத்திருப்பது நமக்கு எவ்வளவோ மகிழ்ச்சி. ஆயினும் ஒன்றை மனம்விட்டுச் சொல்லவேண்டும். நம்மவன் ஒருவன் வழக்கிற் சிக்கினால் நாம் பணம் திரட்டுகிறோம், வக்கீலைத் தேடுகிறோம்; அது நல்லதே. பிறகுலத்து ஏழையொருவன், அதிலும் நம்மினும் தாழ்த்தப்பட்ட குலத்தவனொருவன், செய்யாத குற்றத்திற்காகக் கூண்டில் நின்றால் நாம் திரும்பிப் பார்க்கிறோமா? அவன் எதிர்த்தரப்பில் நம்மவர் இருந்தால், அவனுக்காக வக்காலத்து ஏற்கும் நம் வக்கீலை நாம் மதிக்கிறோமா, பகைக்கிறோமா? ஒரு குலம் முழுவதும் குற்றமுடையதென்று பிறர் நம்மைப்பற்றிச் சொன்னபோது நாம் துடித்தோம். வேறொரு குலத்தாரைப்பற்றி அவ்வார்த்தை நம் திண்ணைகளிலும் டீக்கடைகளிலும் இன்றும் எவ்வளவு எளிதாகப் புறப்படுகிறது!

ஜோசப் நம் முன்னோரிடம் குலம் கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. நம் வீட்டில் பெண்கொள்ளவோ கொடுக்கவோ அவருக்கு உறவில்லை; நம் ஓட்டும் அந்நாளில் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அத்தகையவருக்கு நாம் பட்ட கடனை, நமக்குள்ளேயே கொடுத்து வாங்கித் தீர்த்துவிடுதல் இயலாது. அது நமக்குச் சம்பந்தமில்லாத ஒருவனுக்குச் செய்தே தீர்க்கவேண்டிய கடன். ஆகவே, நம் சமூகத்து வக்கீல் ஒவ்வொருவரும் வருஷத்திற்கு ஒரு வழக்கேனும், பிறகுலத்து ஏழையொருவனுக்காக, கடுந்தண்டனை எதிர்நோக்கி நிற்கும் ஒருவனுக்காக, கட்டணமின்றி ஏற்று, அதனைப் பணம் கொடுக்கும் கட்சிக்காரனின் வழக்கைப்போலவே கருத்துடன் நடத்துவாராக. அவருக்கு ஆகும் படிக்கும் பத்திரச் செலவுக்கும் வசதியுள்ள நம் அன்பர்கள் கைகொடுப்பார்களாக. அவ்வாறு செய்தபின் யானைக்கல்லில் நாம் சூட்டும் மாலைக்கு மணம் உண்டாகும்.